பருப்புப் போத்தலில் தொடங்கி ஆட்டுக் குருதி வரை: மலையகப் பள்ளியில் குருதியின் கூறுகளைச் செய்து காட்டிக் கற்பித்தல்

குருதியில் 55 வீதம் திரவவிழையம் (பிளாஸ்மா), 45 வீதம் குழியங்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து பரீட்சையில் அப்படியே எழுதிவிடுவார்கள். அதே பிள்ளையிடம் ஓர் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கொடுத்து, “இதில் பி.சி.வி. 30 என்று இருக்கிறதே, என்ன அர்த்தம்?” என்று கேட்டால் முழிக்கும். (மொத்தக் குருதியில் செங்குழியம் அடைக்கும் வீதம்தான் அது.) இந்த வழிகாட்டி அந்த இடைவெளிக்காக எழுதப்பட்டது. தரம் 9 முதல் 11 வரை விஞ்ஞானம் கற்பிப்பவர்கள், ஆய்வுகூடத்தில் பெரிதாக எதுவும் இல்லாத தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் உட்பட, இதைச் செய்யலாம். இரட்டைப் பாடவேளைகள் மூன்று வேண்டும். கோழி, ஆட்டுக் குருதி எடுக்க முடியாதவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதைச் செய்தாலும் பாடம் கெடாது.

மாதிரி செய்வது பற்றி முதலில் ஒரு வார்த்தை. சிவப்புக் களிமண்ணில் வட்டம் செய்து பெயர் ஒட்டிக் கண்காட்சியில் வைப்பதால் பிள்ளைக்குக் கிடைப்பது குறைவு. மாதிரியைக் குலுக்க வேண்டும், அதிலிருந்து எதையாவது எடுக்க வேண்டும், எடுத்தால் என்ன மாறுகிறது என்று கணக்கிட வேண்டும். அப்புறம், மாதிரி எங்கே பொய் சொல்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

தொடங்கும் முன்: யாருடைய குருதியும் வேண்டாம்

பிள்ளைகளின் விரலில் ஊசி குத்திக் குருதி எடுக்க வேண்டாம். உங்கள் விரலிலும் வேண்டாம். ஈரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் குருதியால் பரவக்கூடியவை. வகுப்பறையில் அந்த ஆபத்தை எடுக்க எந்தத் தேவையும் இல்லை. வீட்டிலுள்ளவர்களின் பரிசோதனைத் தாள்களைக் கொண்டு வரவும் சொல்லாதீர்கள். யாருக்கு என்ன நோய் என்பது வகுப்பு முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. பெயரில்லாத தாள் ஒன்றை நீங்களே தயாரித்துக்கொள்ளலாம்.

விலங்குக் குருதி பயன்படுத்தும் நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். விரதம் இருக்கும் பிள்ளை, சைவம் மட்டும் சாப்பிடும் பிள்ளை, குருதியைக் கண்டால் தலைசுற்றும் பிள்ளை என்று ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். கோயில் திருவிழாக் காலத்தையும் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எண்ணும் வேலை, பதிவு எழுதும் வேலை கொடுத்தால் போதும். யாரும் ஒதுக்கப்பட்டதாக உணரமாட்டார்கள்.

முதல் படி: பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்தது

மலையகப் பிள்ளைக்குக் குருதி புதிதில்லை. கொழுந்து மலைக்குள் போய் வந்தவர்களின் காலில் அட்டை கடித்த இடம், முனியாண்டிக்குச் சேவல் அறுத்த இடம், கடையில் வாங்கிய ஆட்டு இரத்தம் வறுவலாவது, எல்லாம் பார்த்திருக்கிறார்கள். ஆகவே முதல் பத்து நிமிடம் நீங்கள் பேசாமல், “குருதியைப் பற்றி உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கேளுங்கள்” என்று விட்டுவிடுங்கள். “சார், கை வெட்டினா கொஞ்ச நேரத்துல நின்னுடுது, அட்டை கடிச்சா மட்டும் ஏன் ரெத்தம் நிக்க மாட்டேங்குது?” என்ற கேள்வி அநேகமாக வந்தே தீரும். வராவிட்டால் நீங்கள் கேளுங்கள். பதில் சொல்லாமல் பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். நான்காம் படியில் அது தேவைப்படும். (மறுநாள் யாராவது ஒரு போத்தலில் அட்டை கொண்டு வருவார்கள். நன்றி சொல்லி, இடைவேளையில் வெளியே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.)

இரண்டாம் படி: எண்ணிக்கை

ஒரு கன மில்லிமீற்றர் குருதியில், அதாவது குண்டூசித் தலையளவு துளியில், ஏறத்தாழ 50 இலட்சம் செங்குழியங்கள், இரண்டரை இலட்சம் குருதிச் சிறுதட்டுகள் (குருதி உறைய உதவும் பிளேட்லெட்), 7,000 வெண்குழியங்கள் இருக்கும். ஆளுக்கு ஆள் கூடும், குறையும். சிறுதட்டு ஒன்றரை முதல் நாலரை இலட்சம் வரையும், வெண்குழியம் 4,000 முதல் 11,000 வரையும் இருக்கலாம். இந்த எண்களைச் சுருக்கினால் ஏறத்தாழ 700க்கு 35க்கு 1 என்று வருகிறது.

வகுப்பில் 35 பேர் என்றால் வேலை சுலபம். ஒவ்வொருவரும் 20 மைசூர்ப் பருப்பும் ஒரு கடுகும் எண்ணி எடுத்து ஒரே தட்டில் போடட்டும். நீங்கள் ஒரேயொரு கொண்டைக் கடலையைப் போடுங்கள். பருப்பு செங்குழியம், கடுகு சிறுதட்டு, கடலை வெண்குழியம். தட்டைக் கலக்கிவிட்டு, கடலையைத் தேடச் சொல்லுங்கள். உடலைக் காக்கும் குழியம் இவ்வளவு அரிதாகவா இருக்கிறது என்ற வியப்பு தானாக வரும்.

இந்தத் தானியங்களை நான் பரிந்துரைப்பதற்கு அளவும் ஒரு காரணம். செங்குழியத்தின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீற்றர், வெண்குழியங்களில் பெரும்பாலானவை 10 முதல் 15, சிறுதட்டு 2 முதல் 3. பருப்பு, கடலை, கடுகு மூன்றும் கிட்டத்தட்ட இதே விகிதத்தில் இருக்கின்றன, ஏறத்தாழ 600 மடங்கு பெரிதாக. ஒன்றரை மீற்றர் உயரமான பிள்ளையை அதே அளவுக்குப் பெருப்பித்தால் எவ்வளவு உயரம் வரும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். 900 மீற்றர் வரும்.

இப்போது தட்டை வேலை செய்ய வையுங்கள். டெங்கு நோயாளி ஒருவரின் சிறுதட்டு எண்ணிக்கை 50,000க்கு இறங்கிவிட்டது என்று சொல்லுங்கள். 28 பேர் தங்கள் கடுகைத் திருப்பி எடுக்க வேண்டும். தட்டில் 7 தான் மிஞ்சும். கிருமித் தொற்று வந்து வெண்குழியம் 14,000 ஆகிவிட்டது என்றால் இன்னொரு கடலை போடுங்கள். வகுப்பில் 35 பேர் இல்லாவிட்டால் பங்கை மாற்றிக்கொள்ளுங்கள், மொத்தம் சரியாக இருந்தால் போதும்.

மாதிரியின் பொய் எங்கே? பருப்பு நடுவில் தடித்தது. செங்குழியம் நடுவில் மெலிந்தது, இரு பக்கமும் குழிந்த தட்டு. இதைக் காட்ட ரொட்டிக்குப் பிசைந்த கோதுமை மாவை உருட்டி, பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் நடுவில் அழுத்தினால் போதும். ஏன் அந்த வடிவம் என்று கேட்டால், உருளைக்கிழங்கில் காட்டலாம். ஒரே நிறையுள்ள இரண்டு துண்டுகளை வெட்டுங்கள். ஒன்று தடித்த கட்டி, மற்றது மெல்லிய வில்லை. இரண்டையும் அயடீன் கரைசலில் போட்டு இடைவேளைக்குப் பிறகு குறுக்காக வெட்டிப் பாருங்கள். வில்லையில் கறுநீலம் நடுவை நெருங்கியிருக்கும், கட்டியின் நடு வெள்ளையாகவே இருக்கும். ஒட்சிசன் செங்குழியத்துக்குள் சட்டென்று போய் வருவதற்கு மெல்லிய வடிவம் உதவுகிறது என்பதை இனி விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் படி: படைகளாகப் பிரிதல்

பாடத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

நேரான பக்கங்கள் உள்ள ஒளி ஊடுபுகும் போத்தல் ஒன்று, அரை லீற்றர் அளவு. பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டி, அளவுச்சாடியால் நீர் ஊற்றி 180 மில்லிலீற்றருக்கும் 400 மில்லிலீற்றருக்கும் கோடு போடுங்கள். நீரைக் கொட்டிவிட்டு, 180 கோடு வரை கழுவிய பருப்பு, அரைத் தேக்கரண்டி வறுத்த ரவை, பின்னர் 400 கோடு வரை மஞ்சள் சிட்டிகை கரைத்த நீர். மூடி, நன்றாகக் குலுக்கி, மேசையில் நிறுத்துங்கள்.

பருப்பு சில நொடிகளில் அடியில் அமரும். ரவை பின்தங்கி இறங்கி, பருப்பின் மேல் மெல்லிய வெள்ளைப் படையாகத் தங்கும். கொஞ்சம் பருப்பின் இடுக்குக்குள் நழுவிப் போகும், பரவாயில்லை. மேலே மஞ்சள் நீர். மையநீக்கியில் சுழற்றிய குருதிக் குழாயும் இதே ஒழுங்கில்தான் இருக்கும்: அடியில் 45 வீதமளவு செங்குழியம், நடுவில் 1 வீதத்துக்கும் குறைவாக வெண்குழியமும் சிறுதட்டும் சேர்ந்த வெண்படை, மேலே வைக்கோல் நிறத்தில் 55 வீதம் திரவவிழையம். 180ஐ 400ஆல் வகுத்தால் 45 வீதம். தாளில் பி.சி.வி. என்று வருவது இந்த எண்தான். மொத்தக் குருதியில் செங்குழியம் அடைக்கும் பங்கு.

தேங்காய் எண்ணெயை மேற்படையாக ஊற்றிச் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். நுவரெலியாப் பக்கம் காலை நேரத்தில் அது உறைந்து வெள்ளைக் கட்டியாக நிற்கும். உறையாத எண்ணெய் எடுத்தாலும் குழப்பம் தீராது. குருதிக்குள் எண்ணெய் இருப்பதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். திரவவிழையத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். அதனால் நீரே சரி.

போத்தலை இப்போது மூன்று விதமாகக் கெடுக்கப் போகிறோம்.

ஒன்று, இரத்தச்சோகை. 60 மில்லிலீற்றர் அளவு பருப்பை எடுத்துவிட்டு, நீரால் மறுபடி 400க்கு நிரப்புங்கள். 120க்கு 400, அதாவது 30 வீதம்.

இரண்டு, டெங்கு. முதலில் போத்தலைப் பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள். பிறகு ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் மேலிருந்து 80 மில்லிலீற்றர் மஞ்சள் நீரை மட்டும் உறிஞ்சுங்கள். பருப்பு ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் 180ஐ இப்போது 320ஆல் வகுக்க வேண்டும்: 56 வீதம். டெங்குக் காய்ச்சல் கடுமையானால் குருதிக் கலன்களிலிருந்து திரவவிழையம் வெளியே கசிகிறது. வார்டில் சிறுதட்டோடு சேர்த்து பி.சி.வி.யையும் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்காகத்தான். ஊரில் எல்லோரும் சிறுதட்டு எண்ணிக்கையை மட்டுமே பேசுகிறார்கள். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் கசிவால் வருகிறது. இந்த ஒரு செயற்பாட்டுக்காகவே பருப்பு வாங்கலாம் என்பேன்.

மூன்றாவதை இப்போது செய்யாதீர்கள். கடைசிக்கு வைத்திருப்போம்.

இந்த மாதிரியும் பொய் சொல்கிறது. போத்தலில் ரவை மேலே நிற்பது அது சிறியது என்பதால். உண்மைக் குருதியில் வெண்குழியம் செங்குழியத்தைவிடப் பெரியது. அடர்த்தி குறைந்ததால் மேலே நிற்கிறது. இரும்பு கொண்ட ஈமோகுளோபின் நிறைந்த செங்குழியம்தான் அடர்த்தி கூடியது. இதைப் பிள்ளைகளே சொல்லிவிட்டால் அன்றைய பாடம் வெற்றி.

திரவவிழையத்தைத் தனிக் குவளையில் செய்து காட்டுங்கள். ஒரு லீற்றர் நீருக்கு 9 கிராம் உப்பு, புரதத்துக்காக ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. சீனி எவ்வளவு போடலாம் என்று கேளுங்கள். கை நிறைய அள்ளுவார்கள். வளர்ந்த ஒருவரின் 5 லீற்றர் குருதி முழுவதிலும் உள்ள குளுக்கோசு ஏறத்தாழ 5 கிராம், ஒரு தேக்கரண்டி. பிளேன்டீயில் எத்தனை கரண்டி போடுகிறோம் என்று யாராவது சொல்லிச் சிரிப்பார்கள். விடுங்கள், சிரிக்கட்டும்.

வேலை முடிந்ததும் பருப்பை வீசாதீர்கள். சுத்தமான போத்தலும் குடிநீரும் பயன்படுத்தியிருந்தால் அது ஊறவைத்த பருப்புதான், மஞ்சளும் சேர்ந்தாயிற்று. சமையலுக்குக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் பருப்பை அளந்து போடும் பிள்ளைகள் முன்னால் அதைக் குப்பையில் கொட்டுவது சரியில்லை.

நான்காம் படி: உண்மைக் குருதி

கோழிக் கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். 3.8 கிராம் சோடியம் சித்திரேற்றை நீரில் கரைத்து 100 மில்லிலீற்றர் ஆக்கிக்கொள்ளுங்கள். இரண்டு சிறு போத்தல்கள். ஒன்றில் இந்தக் கரைசல் 5 மில்லிலீற்றர் ஊற்றி, கடையில் 50 வரை குருதி சேர்த்து, உடனே ஐந்தாறு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் குழியங்கள் உடையும். மற்றப் போத்தலில் எதுவும் சேர்க்காமல் குருதி மட்டும். இரண்டையும் ஐஸ் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். உணவு வைக்கும் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம்.

மறுநாள் பாருங்கள். சித்திரேற்று சேர்த்ததில் குழியங்கள் கீழே இறங்கி, மேலே மஞ்சள் திரவம் தெளிந்திருக்கும். அது திரவவிழையம். சேர்க்காததில் குருதி ஈரல் துண்டு போல உறைந்து சுருங்கி, சுற்றிலும் வெளிர் மஞ்சள் நீர் கசிந்திருக்கும். அது திரவவிழையம் அல்ல, சீரம். திரவவிழையத்திலிருந்த பைபிரினோஜன் என்ற புரதம் பைபிரின் இழைகளாக மாறி வலை பின்னிக் குழியங்களைச் சிறைப்பிடித்துவிட்டது. அந்தப் புரதம் போக மிஞ்சியதுதான் சீரம். உறைவதற்குக் கல்சியம் தேவை. சித்திரேற்று அந்தக் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் முதல் போத்தல் உறையவில்லை.

இழையைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. கடையில் அறுத்த உடனே, வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்த குருதியை ஈர்க்குக் கட்டால் சில நிமிடம் விடாமல் கிளறினால் ஈர்க்கில் சிவப்புச் சளி போல ஒன்று சுற்றிக்கொள்ளும். அதை நீரில் அலசிக்கொண்டே இருங்கள். சிவப்பு கழிந்து, வெள்ளை நிறத்தில் இழுத்தால் நீளும் நார் மிஞ்சும். பைபிரின் அதுதான். வகுப்பில் கையிலிருந்து கைக்கு மாறும்போது பிள்ளைகள் அதை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். கையுறை போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள்.

இனிப் பலகை ஓரத்துக் கேள்விக்கு வரலாம். பைபிரினோஜனைப் பைபிரினாக மாற்றுவது துரொம்பின் என்ற நொதியம். அட்டையின் உமிழ்நீரில் இந்த உறைதலைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. மருத்துவ அட்டையில் கண்டறியப்பட்ட ஹிருடின் துரொம்பினையே செயலிழக்கச் செய்கிறது. அட்டை விழுந்த பிறகும் கடிவாயில் அந்தப் பொருள் தங்கியிருப்பதால் கசிவு நீடிக்கிறது.

நுணுக்குக்காட்டி இருந்தால் சித்திரேற்றுக் குருதியில் ஒரு சிறு துளியை வழுக்கியில் வைத்து, இன்னொரு வழுக்கியைச் சாய்த்துத் தள்ளி மெல்லிய பூச்சாக்குங்கள். காய்ந்ததும் மெதனோலில் மூன்று நிமிடம், மெதிலீன் நீலத்தில் ஒரு நிமிடம், பிறகு நீரில் மெதுவாக அலசல். 400 மடங்கில் நீள்வட்டக் குழியங்களும், ஒவ்வொன்றின் நடுவிலும் நீலக் கருவும் தெரியும். “கரு இருக்கிறதே, அப்போ எல்லாமே வெண்குழியமா?” என்று கேட்பார்கள். இல்லை, பறவைகளின் செங்குழியத்துக்குக் கரு உண்டு. ஆட்டுக் குருதியை அடுத்துக் காட்டுங்கள்: வட்டம், மிகச் சிறியது, கரு இல்லை. மனிதனுடையதும் கருவற்றதே, ஆட்டினுடையதைவிடப் பெரியது. கருவில்லாத அந்தக் குழியம் தன்னைப் பழுதுபார்க்க முடியாமல் ஏறத்தாழ 120 நாளில் முடிந்துபோகிறது. என்புமச்சை புதியதை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது.

ஆட்டுக் குருதி கிடைத்தால் (அதற்கும் சித்திரேற்று வேண்டும்) இன்னொன்று. இரு சோதனைக் குழாய்கள்: ஒன்றில் வெறும் நீர், மற்றதில் 9 கிராமுக்கு ஒரு லீற்றர் என்ற அளவில் கரைத்த உப்பு நீர். இரண்டிலும் நாலைந்து துளி விட்டு, பின்னால் செய்தித்தாளைப் பிடியுங்கள். உப்பு நீர்க் குழாய் கலங்கலாக இருக்கும், எழுத்துத் தெரியாது. வெறும் நீர்க் குழாய் தெளிந்த சிவப்பாகி எழுத்துத் தெரியும். நீர் உள்ளே புகுந்து குழியங்கள் வெடித்துவிட்டன. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைனில் உப்பு ஏன் இருக்கிறது என்பதை இனி அவர்களே சொல்வார்கள்.

முடிந்ததும் குருதி பட்ட கண்ணாடிகளையும் மேசையையும் ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்த கரைசலில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், தொடாதவர்களும்தான்.

ஐந்தாம் படி: இரும்பும் தேத்தண்ணியும்

ஈமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். ஆய்வுகூடத்துப் பெரசு சல்பேற்றில் ஒரு சிட்டிகையை அரைக் குவளை நீரில் கரைத்து, கடும் சாயத்தில் ஊற்றிய பிளேன்டீயை ஒரு கரண்டி விடுங்கள். கறுத்துப்போகும். தேயிலையிலுள்ள தனின் இரும்பைப் பிடித்துக்கொண்டதால் வந்த கறுப்பு. இலை, பருப்பு வகைகளில் வரும் இரும்புக்கும் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் குடலில் இதே கதிதான், உடலில் சேர்வது குறைகிறது. அந்தக் கறுத்த நீரில் கொஞ்சத்தை இன்னொரு குவளையில் எடுத்துத் தேசிக்காய்ச் சாறு பிழிந்து பாருங்கள், கறுப்பு வெளிறும். தேசிக்காய், கொய்யா, நெல்லியில் உள்ள விற்றமின் சி இரும்பு உறிஞ்சப்பட உதவுகிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துத் தேத்தண்ணி குடிக்கலாம் என்பதை வீட்டில் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் அம்மாவைக் குற்றம் சொல்லும் பாடமாக இதை ஆக்கிவிடாதீர்கள். மலையில் நாள் முழுக்க நிற்பவருக்குக் கிடைப்பது அந்தத் தேத்தண்ணிதான். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புக் குளிசையை வீட்டிலிருந்து கொண்டு வரச் சொல்லவும் கூடாது. சிறு பிள்ளை விழுங்கினால் அது நஞ்சு.

மூத்த வகுப்பென்றால் உயரத்தையும் பேசலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான், ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் அந்தளவு குறைவு. உடல் சற்றுக் கூடுதலாகச் செங்குழியம் உருவாக்கி அதை ஈடுசெய்கிறது. அதனால் உயரத்தில் வாழ்பவர்களுக்கு இரத்தச்சோகை எல்லைக்கோட்டை உயர்த்திக் கணிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பமில்லாத பெண்ணுக்குப் பொது எல்லை 100 மில்லிலீற்றர் குருதியில் 12 கிராம் ஈமோகுளோபின் என்றால், நுவரெலியாவில் 12 எடுத்தவர் உண்மையில் எல்லைக்குக் கீழே.

கடைசிப் படி: தாளை வாசித்தல்

பெயரில்லாத மூன்று தாள்களைக் குழுக்களுக்குக் கொடுங்கள்: ஒன்றில் பி.சி.வி. 30, சிறுதட்டு சாதாரணம்; அடுத்ததில் பி.சி.வி. 54, சிறுதட்டு 40,000; மூன்றாவதில் பி.சி.வி. 42, வெண்குழியம் 16,000. நோயின் பெயரைக் கேட்காதீர்கள், அது வைத்தியரின் வேலை. போத்தலிலும் தட்டிலும் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

பிறகு, போத்தலைக் கெடுக்க மிச்சம் வைத்த மூன்றாவது விதம். விபத்தில் ஒருவருக்குக் குருதி கொட்டிவிட்டது, உடனே எடுத்த பி.சி.வி. 45 என்று சாதாரணமாக இருக்கிறது. எப்படி? போத்தலை முன்போல 180, 400 கோடுகளுக்கு மறுபடி நிரப்பி, குலுக்கியபடியே அதில் கால்வாசியை ஊற்றிவிட்டு மிச்சத்தை அடையவிடுங்கள். பருப்பும் நீரும் சேர்ந்தே போனதால் பங்கு ஏறத்தாழ அதேதான், மொத்தம்தான் குறைந்தது. குருதிக் கலன்களுக்குள் நீர் வந்து சேர்ந்த பிறகே எண் இறங்கும். “அளவு குறைந்தது, விகிதம் மாறவில்லை” என்ற கருத்து எந்தச் சொற்களில் வந்தாலும் முழுப் புள்ளி கொடுங்கள். “இயந்திரம் பிழை” என்று எழுதியவர்களிடம் போத்தலைக் கொடுத்து மறுபடி ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.